ஞாயிற்றுக்கிழமை காற்பந்து: மேரு திடலிலிருந்து மேலே ஏறும் ஏணி எங்கே உடைந்திருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு மேரு வட்டாரத்தில் எந்தத் திடலைக் கடந்து போனாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். வேலியோரம் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். ஒருவர் லிவர்பூல் சட்டையில் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பார். இன்னொருவர் மென்செஸ்டர் யுனைடெட் சட்டையில், முந்தின இரவு பார்த்த ஆட்டத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பார். பதினோரு பேர் சேர்வதற்குள் எட்டு மணியாகிவிடும். அதற்குள் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும்.

இந்த ஆட்டத்தைப் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால், காற்பந்து பேசும் எந்தத் தமிழர் வீட்டிலும் அடிக்கடி எழும் ஒரு கேள்விக்கு இந்தத் திடலில்தான் பாதி பதில் இருக்கிறது. "அந்தக் காலத்தில் தேசியக் குழுவில் நம் பிள்ளைகள் இருந்தார்களே, இப்போது ஏன் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறார்கள்?" என்பதுதான் அந்தக் கேள்வி.

இதற்குப் பல பதில்கள் சொல்லப்படுகின்றன. தேர்வு நியாயமாக நடப்பதில்லை என்பார்கள் சிலர். பிள்ளைகள் கைப்பேசியிலேயே மூழ்கிவிட்டார்கள் என்பார்கள் வேறு சிலர். டியூஷனுக்கு அனுப்பும் பெற்றோர் திடலுக்கு அனுப்புவதில்லை என்பதும் ஒரு பதில். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. வார இறுதித் திடலிலிருந்து தேசியக் குழு வரை முன்பு ஓர் ஏணி இருந்தது. அந்த ஏணி இடம் மாறிவிட்டது. நம்மில் பலர் இன்னும் பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறோம்.

எல்லாரும் அமெச்சூர்களாக இருந்த காலம்

இன்றைய இளைஞர்கள் பலருக்குத் தெரியாத ஒரு செய்தியிலிருந்து தொடங்குவோம். மலேசியாவில் பாதித் தொழில்முறை லீக் 1989ஆம் ஆண்டுதான் தொடங்கியது. முழுத் தொழில்முறை லீக் 1994இல் வந்தது. அதற்கு முன்பு மலேசியக் கிண்ணத்தில் ஆடியவர்களும் நாட்டுக்காக ஆடியவர்களும் அமெச்சூர் ஆட்டக்காரர்களே. பகலில் அரசாங்க இலாகாவிலோ வங்கியிலோ போலீசிலோ வேலை, மாலையில் பயிற்சி என்பதே அவர்களின் வாழ்க்கை. 1921இல் எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலின் பணியாளர்கள் வழங்கிய கிண்ணத்தோடு தொடங்கிய மலேசியக் கிண்ணப் போட்டி, சுமார் எழுபது ஆண்டுகள் இப்படி வேலைக்குப் போய்வந்தவர்களின் கால்களில்தான் வளர்ந்தது.

மலேசியக் காற்பந்தின் பெருமை என்று நாம் பேசும் ஆட்டங்களில் பல அந்தக் காலத்தைச் சேர்ந்தவை. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கிற்கு மலேசியா தகுதி பெற்று, அமெரிக்காவை 3-0 என வென்றது. 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வட கொரியாவை 2-1 என வீழ்த்தி வெண்கலம் வென்றது. 1980 ஏப்ரல் 6ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. ஆப்கானிஸ்தான் மீதான சோவியத் படையெடுப்பைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் குழு மாஸ்கோவுக்குப் போகவில்லை. அதன் பிறகு ஒலிம்பிக் காற்பந்துக்கு நாம் தகுதி பெற்றதே இல்லை.

அந்தக் குழுவின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம். 1953இல் கிள்ளான் துறைமுகத்தில் பிறந்தவர். நீண்ட கைகளால் பந்தைப் பிடித்துவிடுவதால் "ஸ்பைடர்மேன்" என்று நாடு முழுவதும் அழைக்கப்பட்டவர். மொக்தார் டஹாரி, சோ சின் ஆவ்ன், சந்தோக் சிங் ஆகியோரோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் அவருடையது. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35. 2016இல் வெளிவந்த "ஓலா போலா" திரைப்படத்தின் கோல் காவலர் கதாபாத்திரம் அவரை நினைவுபடுத்துவதாக அமைந்தது.

மேருவிலிருந்து கிள்ளான் துறைமுகம் வெகு தூரமில்லை. அக்காலத்தில் வார இறுதி ஆட்டத்துக்கும் தேசியக் குழுவுக்கும் இடையிலான தூரமும் இன்று இருக்கும் அளவுக்கு இல்லை. இருபது வயது இளைஞர் ஒருவர் ஊர்க்குழுவில் நன்றாக ஆடினால் மாவட்டக் குழுவினர் பார்ப்பார்கள். ஏதாவது ஓர் இலாகாவின் குழு வேலையோடு சேர்த்து அழைக்கும். அங்கிருந்து மாநிலக் குழுவுக்குப் போக வழி இருந்தது. தாமதமாக வளர்ந்தவர்களுக்கும் அந்த ஏணியில் இடம் இருந்தது.

தோட்டத் திடல் எங்கே போனது?

ஏணியின் முதல் படி தோட்டத்துத் திடல். லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, மருந்தகம், கள்ளுக்கடை ஆகியவற்றோடு ஒரு திடலும் இருந்தால்தான் அது முழுத் தோட்டம். பால்மரம் வெட்டுபவர்கள் விடிவதற்கு முன் வேலைக்குப் போய் மதியத்தில் வீடு திரும்பிவிடுவார்கள். மாலை நேரம் அவர்களுக்குச் சொந்தம். திடல் நிர்வாகத்தின் நிலம், புல் வெட்டுவது நிர்வாகத்தின் ஆள். வாடகை, முன்பதிவு என்ற பேச்சே கிடையாது. பக்கத்துத் தோட்டக் குழு லோரியில் வந்து இறங்கினால் ஊரே திடலைச் சுற்றி நிற்கும்.

அந்த ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனம் இருந்தது. திடல் குழுவுக்கோ மக்களுக்கோ சொந்தமில்லை. தோட்டம் கைமாறினால் திடலும் கைமாறும். 1950களிலும் 1960களிலும் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது இது முதலில் தெரிந்தது. தொழிலாளர்கள் தாங்களே தோட்டம் வாங்க வேண்டும் என்று துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் பின்னணியும் அதுதான். பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. மேருவுக்குப் பக்கத்தில் இருக்கும் செத்தியா ஆலாம் முன்பு நோர்த் ஹம்மோக் தோட்டம். பண்டார் புக்கிட் ராஜா முன்பு புக்கிட் ராஜா தோட்டம். செம்பனையும் ரப்பரும் இருந்த இடத்தில் இன்று வரிசை வீடுகளும் பேரங்காடிகளும் நிற்கின்றன. நோர்த் ஹம்மோக் என்ற பெயர் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயரில் இன்னும் வாழ்கிறது.

வீடமைப்புப் பகுதிகளிலும் திறந்தவெளி விடப்படுகிறதே என்று கேட்கலாம். விடப்படுகிறது. ஆனால், முழு அளவுக் காற்பந்துத் திடலுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். அனைத்துலக ஆட்டங்களுக்கு வழக்கமான அளவு 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அது 7,140 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 1.75 ஏக்கர். கோட்டுக்கு வெளியே ஆட்கள் நிற்க, பந்து உருள இடம் சேர்த்தால் இரண்டு ஏக்கருக்கு மேல் வேண்டும். தாமானில் விடப்படும் திறந்தவெளி பல சிறு துண்டுகளாகச் சிதறியிருக்கும். ஒன்றில் ஊஞ்சல், ஒன்றில் நடைபாதை, ஒன்றில் வெள்ளநீர்க் குளம் என்று போய்விடும். பதினோரு பேர் ஆடும் அளவுக்கு ஒரே இடத்தில் நிலம் கிடைப்பது அரிது.

அதனால் பல இளைஞர்கள் கட்டண ஃபுட்சால் கூடங்களுக்கும் செயற்கைப் புல் திடல்களுக்கும் போய்விட்டார்கள். ஃபுட்சால் நல்ல விளையாட்டுதான். சிறிய இடத்தில் பந்தைக் கட்டுப்படுத்தவும் விரைவாக முடிவெடுக்கவும் அது கற்றுக்கொடுக்கும். பிரேசில் ஆட்டக்காரர்கள் பலர் சிறுவயதில் அதை ஆடியவர்களே. ஆனால், ஃபுட்சால் பந்து 4ஆம் எண், எம்பாத பந்து. கோல் மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம். பெரிய திடலின் கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். ஓரத்திலிருந்து உயரமாக வரும் பந்தைப் பத்துப் பேருக்கு மேலே தாவிப் பிடிக்கும் கலையைக் கூடத்துக்குள் கற்க முடியாது. ஆறுமுகத்தை ஆறுமுகம் ஆக்கியது அந்தக் கலை. அதற்குப் பெரிய திடல் வேண்டும்.

இப்போதைய ஏணி எப்படி இருக்கிறது?

தொழில்முறை லீக் வந்த பிறகு ஏணியில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. இரண்டையும் பெற்றோர்கள் புரிந்துகொள்வது முக்கியம்.

முதல் மாற்றம், தேர்வு செய்யும் வயது இறங்கிவிட்டது. முன்பு இருபது வயதில் ஒருவரைக் கண்டுபிடித்தார்கள். இப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பிரித்தெடுக்கிறார்கள். பள்ளி, மாவட்டம், மாநிலம் என்று போகும் பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகள் ஒரு வழி. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி போன்ற சிறப்புப் பள்ளிகள் இன்னொரு வழி. தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் பகாங், கம்பாங்கில் இருக்கும் மொக்தார் டஹாரி அகாடமி அடுத்த வழி. சூப்பர் லீக் கழகங்கள் நடத்தும் இளையோர் அணிகள் நான்காவது வழி. இவை எல்லாவற்றிலும் பதினேழு, பதினெட்டு வயதில் முதன்முறையாகக் கதவைத் தட்டினால் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

இந்த வயதுக் கணக்கில்தான் நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள். தமிழ்ப்பள்ளிகளில் பல சிறிய பள்ளிகள். ஆறாம் ஆண்டில் பையன்கள் பதினோரு பேர் இல்லாத பள்ளிகளும் உண்டு. சில பள்ளிகளுக்குச் சொந்தத் திடல் இல்லை. அப்படிப்பட்ட பள்ளியிலிருந்து ஒரு குழு மாவட்டப் போட்டிக்குப் போவதே கடினம். பையன் இடைநிலைப்பள்ளிக்குப் போய், உடல் வளர்ந்து, ஞாயிறு திடலில் அண்ணன்மாரோடு ஆடத் தொடங்கும்போது வயது பதினைந்து. ஆட்டம் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். ஆனால், அகாடமிகளின் முதல் சல்லடை அதற்குள் முடிந்திருக்கும். தேர்வு நியாயமாக நடக்கிறதா என்று கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கும் நம் பிள்ளைகள் முதலில் தேர்வுத் திடலில் நின்றாக வேண்டும்.

இரண்டாவது மாற்றம் நல்ல செய்தி. கீழ்நிலை லீக்குகள் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. 2022ஆம் ஆண்டோடு பிரீமியர் லீக் என்ற இரண்டாம் நிலை நிறுத்தப்பட்டது. இப்போது சூப்பர் லீக்கிற்குக் கீழே ஏ1 எனப்படும் பாதித் தொழில்முறை லீக், அதற்குக் கீழே ஏ2 எனப்படும் அமெச்சூர் லீக், அதற்கும் கீழே ஏ3 எனப்படும் சமூக லீக்குகள் என்று படிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. ஏ3 என்பது மாவட்டங்களிலும் மாநிலங்களிலும் நடக்கும் லீக்குகளின் படி. நம் ஞாயிறு குழுக்கள் கால் வைக்கக்கூடிய படி அதுதான். பதினைந்து வயதில் அகாடமியைத் தவறவிட்ட பையனுக்கு அது இரண்டாவது வாய்ப்பு. பத்தொன்பது, இருபது வயதில் அங்கே நன்றாக ஆடினால் ஏ2, ஏ1 குழுக்களின் பயிற்றுநர்கள் பார்க்கும் வாய்ப்பு உண்டு.

ஆனால், அங்கே ஆட நண்பர்கள் குழு போதாது. வாட்ஸ்அப் குழுமம் கழகமாகிவிடாது. 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி விளையாட்டு அமைப்புகள் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அதற்கு விதிமுறை, செயலவை, ஆண்டுக்கூட்டம், கணக்கு ஆகியவை வேண்டும். கோயில் நிர்வாகமும் இளைஞர் மன்றமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நடத்திப் பழகிய நம் மக்களுக்கு இது புதிய வேலை இல்லை. பதிவு இருந்தால் மாவட்ட லீக்கில் சேரலாம், திடலை முன்பதிவு செய்யக் கடிதம் கொடுக்கலாம், மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம், நன்கொடையாளரிடம் ரசீதோடு பணம் கேட்கலாம். பதிவு இல்லாத குழு இருபது ஆண்டுகள் ஆடினாலும் காகிதத்தில் அது இல்லாத குழுதான். 2024 பிப்ரவரியில் கிள்ளான் அரச மாநகர் மன்றம் என்ற தகுதியைப் பெற்றுவிட்ட ஊராட்சியிடம் மேருவுக்கு ஒரு முழு அளவுத் திடல் வேண்டும் என்று கேட்பதானாலும், கேட்பவர் யார் என்ற கேள்விக்குப் பதிலாக ஒரு பதிவு எண் வேண்டும்.

மேலே வரை போன ஒரு கழகத்தின் கதை

நமக்கென்று ஒரு கழகம் உச்சப் படி வரை ஏறியதும் நடந்திருக்கிறது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா குழு 2018இல் பிரீமியர் லீக்கில் ஆடி, ஃபெல்டா யுனைடெட்டுக்கு அடுத்த இடம் பிடித்து சூப்பர் லீக்கிற்கு உயர்ந்தது. 2019 முதல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் ஆடியது. பண பலம் மிக்க கழகங்களோடு மோதிய அந்தக் குழு, கடைசிக் காலத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை நம்பாமல் உள்நாட்டு இளைஞர்களைக் கொண்டே ஆடியது. பி. மணியம் பயிற்றுநராக இருந்தார். 2022 பருவத்தோடு கழகம் சூப்பர் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது.

ஒரு கழகம் விலகினால் பதினோரு பேர் மட்டும் வேலை இழப்பதில்லை. மேருவிலோ காப்பாரிலோ ஆடும் பையன் ஒருவன், "நானும் ஒரு நாள் அங்கே ஆடுவேன்" என்று விரல் நீட்டிக் காட்டிய இடம் காணாமல் போகிறது. தொழில்முறைக் கழகத்தின் செலவு பெரிது. டிக்கெட், சட்டை விற்பனை, விளம்பரம், ஒளிபரப்புப் பங்கு, உரிமையாளரின் பணம் ஆகியவற்றில்தான் அது ஓடுகிறது. கெலானா ஜெயா அரங்கில் அந்தக் குழு ஆடிய இரவுகளில் இருக்கைகள் பெரும்பாலும் காலியாகவே இருந்தன. அதே இரவுகளில் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மாமாக் கடைத் திரைகளுக்கு முன்னால் நாற்காலி கிடைக்கவில்லை.

ரசிகர் எங்கே நிற்கிறார்?

இங்கிலாந்து பிரீமியர் லீக்கைப் பார்ப்பது தவறில்லை. சனிக்கிழமை இரவு தே தாரிக், ரொட்டி சானாய், பெரிய திரை, எதிரணி ரசிகரான மாமாவைச் சீண்டுவது என்பதெல்லாம் நம் வாழ்க்கையின் ஒரு பகுதி. உலகத்தரமான ஆட்டத்தைப் பார்த்தால்தான் இளைஞர்களுக்கு ஆட்ட அறிவு வளரும். ஆனால், நாம் விரும்பிப் பார்க்கும் அந்த லீக் எதன் மேல் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஜேமி வார்டியை நினைத்துப் பாருங்கள். 2016இல் லெஸ்டர் சிட்டி யாரும் எதிர்பாராமல் பிரீமியர் லீக் வெற்றியாளர் ஆனபோது முன்வரிசையில் நின்ற தாக்குதல் ஆட்டக்காரர். அவர் பதின்ம வயதில் பெரிய கழகத்தின் இளையோர் அணியிலிருந்து கழித்துவிடப்பட்டவர். பிறகு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்ற சிற்றூர்க் கழகத்துக்கு ஆடினார். அது இங்கிலாந்தின் எட்டாம் நிலை லீக். அங்கிருந்து படிப்படியாக ஏறி, 25 வயதில்தான் லெஸ்டருக்கு வந்தார்.

வார்டியின் திறமை அவருடையது. ஆனால், எட்டாம் நிலையிலும் ஒரு லீக் இருந்தது. அந்தச் சிற்றூர்க் கழகத்துக்கு ஒரு திடல், ஒரு செயலவை, மழையிலும் வந்து நுழைவுக் கட்டணம் கொடுத்து நின்று பார்க்கும் சில நூறு பேர் இருந்தார்கள். அவர்கள் இல்லையென்றால் கழித்துவிடப்பட்ட பையன் கழித்துவிடப்பட்டவனாகவே இருந்திருப்பான். மாமாக் கடைத் திரையில் நாம் கைதட்டிய வார்டியை, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சிற்றூரின் கோட்டோரம் நின்று கைதட்டியவர்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

நம் நாட்டிலும் திறமைக்குப் பஞ்சமில்லை. 2010இல் சுசூகி கிண்ண இறுதியாட்டத்தில் இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் 4-2 என வீழ்த்தி மலேசியா முதன்முறையாகத் தென்கிழக்காசிய வெற்றியாளர் ஆனபோது பயிற்றுநர் கே. ராஜகோபால். குழுவில் எஸ். குணலன் இருந்தார். 2017 சீ விளையாட்டுப் போட்டியின் அரையிறுதியில், நிரம்பி வழிந்த ஷா ஆலம் அரங்கில், ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது இந்தோனேசியாவுக்கு எதிராகத் தலையால் முட்டி கோல் போட்டவர் என். தனபாலன். அந்த ஒரே கோல் மலேசியாவை இறுதியாட்டத்துக்கு அனுப்பியது. பெயர்கள் முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆனால், ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையே ஆண்டுகள் கூடிக்கொண்டே போகின்றன.

நாற்பது வயதுக்காரர்களின் பங்கு

ஞாயிறு குழுக்களை உண்மையில் தாங்கிப் பிடிப்பவர்கள் நாற்பதைத் தாண்டியவர்கள். கார் அவர்களிடம் இருக்கிறது, திடல் வாடகையை முன்பணமாகக் கட்டுவது அவர்கள், பந்து வாங்குவது அவர்கள், சண்டை வந்தால் விலக்குவதும் அவர்களே. அவர்கள் நின்றுவிட்டால் பல குழுக்கள் ஆறு மாதத்தில் கலைந்துவிடும். ஆகவே அவர்கள் நலமாக ஆடுவது குழுவின் ஆயுளைப் பற்றிய விஷயம்.

வாரம் முழுவதும் லோரி ஓட்டிவிட்டு அல்லது மேசையில் உட்கார்ந்துவிட்டு, முந்தின இரவு இரண்டு மணிவரை ஆட்டம் பார்த்துவிட்டு, காலையில் நேராகத் திடலில் இறங்கி ஓடுவது ஆபத்தான பழக்கம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம் சமூகத்தில் எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது கிளினிக்கில் சோதித்துக்கொள்ள வேண்டும். ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். "வாயுப் பிடிப்பு" என்று சொல்லித் தடவிக்கொண்டு மறுபடியும் இறங்கக் கூடாது.

2021 ஜூன் 12ஆம் தேதி ஐரோப்பியக் கிண்ண ஆட்டத்தில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் திடலிலேயே இதயம் நின்று விழுந்ததை நாம் நேரலையில் பார்த்தோம். வயது 29. அவர் பிழைத்ததற்குக் காரணம், உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி கொடுத்ததும் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி பக்கத்தில் இருந்ததும்தான். நம் திடல்களில் அந்தக் கருவி இருப்பது அரிது. ஆனால், கைகள் இருக்கின்றன. விழுந்தவர் கூப்பிட்டால் அசையாமல், இயல்பாக மூச்சு விடாமல் இருந்தால் ஒருவர் 999க்கு அழைக்க வேண்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து, ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். அம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி மாற்றித் தொடர வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது இருவர் இந்தப் பயிற்சியை முறையாகப் பெற்றிருக்க வேண்டும்.

இடியும் அப்படித்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை ஆட்டம் என்றால் மின்னல் ஒரு நிரந்தர விருந்தாளி. மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடிச் சத்தம் கேட்டால் எல்லாரும் திடலை விட்டு வெளியேறி, கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போக வேண்டும். மரத்தடியில் நிற்கக் கூடாது. கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

ஆட்ட விதிகளும் மூத்தவர்களுக்குச் சாதகமாக ஓர் இடம் விட்டிருக்கின்றன. சங்கத்தின் அனுமதியோடு, மூத்தோர் ஆட்டங்களிலும் அடித்தள ஆட்டங்களிலும் வெளியே போன ஆட்டக்காரர் மறுபடியும் உள்ளே வரலாம். ஞாயிறு ஆட்டத்தில் இதைப் பயன்படுத்தினால் இரண்டு பலன். மூத்தவர்கள் இருபது நிமிடம் ஆடி, ஓய்வெடுத்து, மறுபடியும் ஆடலாம். அவர்கள் வெளியே உட்காரும் நேரத்தில் கோட்டோரம் காத்திருக்கும் பதினைந்து வயதுப் பையன் உள்ளே இறங்கலாம்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டங்களுக்குக் காத்திருக்காமல் ஒரு ஞாயிறு குழு செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, பதிவு. இந்த ஆண்டுக்குள் குழுவைக் கழகமாகப் பதிந்துவிடுங்கள். படித்த பிள்ளை ஒருவரைச் செயலாளராகப் போடுங்கள்.

இரண்டாவது, சிறுவர்கள். பெரியவர்கள் ஆட்டம் எட்டு மணிக்கு என்றால், ஏழு மணிக்கு ஒரு மணி நேரம் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். இரண்டு சிறிய பள்ளிகளின் பிள்ளைகள் சேர்ந்தால்கூட ஒரு குழு ஆகிவிடும். பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அகாடமித் தேர்வு எப்போது, எங்கே நடக்கிறது என்ற அறிவிப்பைப் பெற்றோர்களிடம் கொண்டு சேர்ப்பது குழுவின் வேலையாக இருக்கட்டும்.

மூன்றாவது, நடுவர். வார இறுதி ஆட்டங்கள் சண்டையில் முடிவதற்குப் பாதிக் காரணம் விசில் பிடிப்பவரும் ஏதோ ஒரு குழுவின் ஆளாக இருப்பதே. குழுவில் ஒருவர் நடுவர் பயிற்சிக்குப் போகட்டும். ஓடி ஆட முடியாத வயதிலும் திடலில் நிற்க அது ஒரு மரியாதையான வழி. வருமானமும் உண்டு.

நான்காவது, ரசிகர்கள். வருடத்தில் பத்து இரவு திரைக்கு முன் உட்காருபவர் இரண்டு இரவாவது உள்ளூர் அரங்கில் டிக்கெட் வாங்கி உட்காரட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறாவது சொந்த ஊர்க் குழுவின் ஆட்டத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகட்டும். தோட்டத்தில் ஆட்டக்காரர்கள் இருபத்திரண்டு பேர்தான் இருந்தார்கள். சுற்றி நின்றவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். கூட்டம் இருந்ததால்தான் பக்கத்து ஊர்வரை பேச்சுப் போனது. பேச்சுப் போனதால்தான் தேர்வாளர் வந்தார்.

தோட்டத் திடலை நமக்குத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது. அது அப்போதும் நமக்குச் சொந்தமாக இல்லை. இப்போது இருக்கும் ஏணியின் கீழ்ப்படி ஏ3 லீக். அதில் கால் வைக்கத் தேவை ஒரு பதிவு எண், முன்பதிவு செய்த ஒரு திடல், ஒரு நடுவர், சட்டை போட்ட பதினெட்டுப் பேர், கோட்டோரம் கொஞ்சம் சத்தம். மேருவில் ஞாயிறு காலை ஆடும் குழுக்களிடம் இவற்றில் பாதி ஏற்கெனவே இருக்கிறது.